ஜவ்வு விலகலும் அதன் பின் நடப்பும்



நம் சங்கத்துக் காரியதரிசி அவர்கள் சென்ற மாதம் என் கடைக்கு வந்து, ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் ஒரு பொட்டலம் சீரகமும் வாங்கிக்கொண்டு புறப்படும் சமயத்தில், "பாய், உங்கள் இடுப்பு விஷயத்தை நம் இதழுக்கு ஒரு பாடமாக எழுதிக் கொடுங்கள். ஜமாஅத்தில் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் திரிகிறார்கள்" என்று சொன்னார்கள். நான் வைத்தியனல்லன். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர எனக்கு வேறு படிப்பு கிடையாது. ஆயினும் படுத்துக் கிடந்த நாட்களில் டாக்டரை நச்சரித்துக் கேட்டவற்றையும், என் மூத்த மகள் நூல்களிலிருந்து படித்துச் சொன்னவற்றையும் கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். அந்தக் குறிப்புகளே இந்தப் பாடம். இதைப் படித்துவிட்டு யாரும் தமக்குத் தாமே வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நமது முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 ஆக 24 எலும்புகள், கடையில் பால் டின்களை அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே ஒன்றாக ஒட்டிப்போன எலும்புகளால் ஆன அடிப்பகுதி இருக்கிறது. உச்சியிலுள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே தவிர, மற்ற ஒவ்வோர் எலும்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு வட்டு உண்டு. மொத்தம் 23 வட்டுகள். டாக்டர்கள் டிஸ்க் என்பதும், நாம் ஜவ்வு என்பதும் இதைத்தான். இதன் வெளிச்சுவர் வெங்காயத் தோல் போலப் பல அடுக்கு நார்களால் ஆனது. உள்ளே வெந்த ஜவ்வரிசி போலக் கொழகொழப்பான ஒரு பொருள் இருக்கிறது. இளமையில் அதில் பெரும்பகுதி நீர். வயது ஏற ஏற அது வற்றுகிறது. பெரியவர்களுடைய வட்டின் உட்புறத்துக்கு நேரடியான இரத்த ஓட்டம் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வருகிற சத்தைக் கொண்டே அது உயிர் வாழ்கிறது. ஆகவேதான் அங்கே ஏற்படும் காயம் ஆறுவதற்கு இவ்வளவு காலம் பிடிக்கிறது.

"ஜவ்வு விலகிவிட்டது" என்று நாம் சொல்லுவது ஒரு விதத்தில் தவறு. வட்டு எங்கும் விலகுவதில்லை. அது மேலும் கீழும் உள்ள எலும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. நடப்பது என்னவென்றால், வெளிச்சுவரில் வெடிப்பு விட்டு, உள்ளேயிருக்கும் பொருள் பிதுங்கி வருகிறது. பொரித்த கறிபாப்பின் ஓரம் பிரிந்து உருளைக்கிழங்கு வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிதுங்கிய பொருள் பக்கத்தில் போகிற நரம்பை அழுத்துகிறது. அழுத்துவதோடு நிற்பதில்லை, நரம்பை வீங்கச் செய்து எரிச்சலையும் உண்டாக்குகிறது. இடுப்பில் நேரும் இத்தகைய பிதுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு வட்டுகளில்தான் நேருகின்றன. உடற்பாரமும் குனிந்து திரும்புகிற அசைவும் அங்கேதான் அதிகம். அந்த இடத்து நரம்புகள் காலுக்குப் போகின்றபடியால், குற்றம் இடுப்பிலிருந்தாலும் குடைச்சல் காலில் தெரிகிறது.

என் விஷயத்தில் அது கடைசி வட்டு. ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆவுக்கு முன்பே சரக்கை இறக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில், 25 கிலோ அரிசி மூட்டையைக் குனிந்து தூக்கி அப்படியே பக்கவாட்டில் திரும்பினேன். அப்போது இடுப்பில் ஒரு சுளுக்கு என்றுதான் தோன்றிற்று. மூன்றாம் நாள் பிட்டத்திலிருந்து பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதத்தின் வெளியோரம் வரை நெருப்புக் கம்பி இழுத்தாற்போல் வலி. தும்மினால் கண்ணில் நீர் வந்தது. சுண்டு விரல் மரத்துப் போயிற்று. அந்தக் காலின் நுனி விரல்களில் ஊன்றி நிற்க முடியவில்லை. எலும்பு விலகியிருக்கிறது, மிதித்துவிட்டால் சரியாகும் என்று சொன்னவர்கள் உண்டு. உரூட் பிடிப்பவரைக் கூட்டிவந்தவர்களும் உண்டு. நரம்பு அழுந்திக் கிடக்கும்போது முதுகை மிதிப்பது ஆபத்து என்று என் மனைவி ஒரே பிடிவாதமாக நின்று டாக்டரிடம் அழைத்துப் போனாள். அந்தப் பிடிவாதத்துக்கு நான் கடமைப்பட்டவன்.

இங்கே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஜவ்வு பிதுங்கியவர் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே குறைகிறது. வெளியே வந்த துண்டை உடம்பே சிறிது சிறிதாகக் கரைத்து விடுவதும் உண்டு. 1994-ம் வருஷம் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதேனும் ஒரு வட்டு உப்பியிருந்தது. 100-க்கு 27 பேருக்குப் பிதுக்கமே இருந்தது. ஆகவே ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்துப் பயப்படுவதில் பொருளில்லை. படமும் காலின் நிலையும் ஒத்துப் போகிறதா என்பதே கேள்வி. 2007-ல் ஹாலந்து தேசத்து டாக்டர்கள் 283 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே ஆபரேஷன் செய்தும், மற்றப் பிரிவைப் பொறுத்திருக்கச் செய்து தேவைப்பட்டால் மட்டும் செய்தும் பார்த்து வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரு பிரிவும் சமம். நான் ஆறு வாரத்துக்கு மேல் மாத்திரையும் பயிற்சியுமாகப் பொறுத்திருந்தேன். வலி குறையவில்லை, கால் பலமும் குன்றிக்கொண்டு போயிற்று. அதன் பிறகுதான் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டேன்.

ஆனால் பொறுக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. சிறுநீரோ மலமோ தன் வசமின்றிப் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, உட்காருமிடமும் மர்ம ஸ்தானமும் மரத்துப் போவது, இரண்டு காலும் சேர்ந்து தளர்வது, இவற்றில் எது கண்டாலும் அது இராத்திரியாயினும் பெருநாளாயினும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடையைப் பூட்டக் கூட நிற்க வேண்டாம். தாமதித்தால் இழந்தது திரும்பாமல் போகலாம்.

நிற்க. இந்தச் சிகிச்சையின் சரித்திரத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு அது மிகவும் சுவையாக இருந்தது. வட்டிலிருந்து பிதுங்கும் துண்டே கால் குடைச்சலுக்குக் காரணம் என்பதை 1934-ம் வருஷம் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் தெளிவாக எழுதினார்கள். அதற்கு முன்பு அந்தத் துண்டை ஏதோ கட்டி என்றே பலர் எண்ணியிருந்தார்கள். அந்தக் காலத்து ஆபரேஷன் பெரியது. முதுகை நீளக் கீறி, தசையை ஒதுக்கி, எலும்பையும் எடுத்தார்கள். பிறகு கத்தியே இல்லாமல் வட்டைக் கரைக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. நம் வீடுகளில் ஆட்டிறைச்சி முற்றலாக இருந்தால் பப்பாளிக்காயை அரைத்துப் போடுகிறோம் அல்லவா? அந்தப் பப்பாளிப் பாலிலிருந்தே எடுத்த ஒரு சத்தை ஊசி மூலம் வட்டுக்குள் செலுத்தி, உள்ளிருக்கும் பொருளைக் கரைக்க முடிந்ததை அமெரிக்காவில் லைமன் ஸ்மித் என்பவர் 1964-ல் எழுதினார். 1982-ல் அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதியும் கிடைத்தது. ஆனால் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை ஏற்பட்டது. வேறு முறைகளும் வளர்ந்தன. 2003-ல் அங்கே அதன் விற்பனையே நின்றுவிட்டது. இதைக் கேட்டுவிட்டு யாரும் பப்பாளி தின்று ஜவ்வைக் கரைக்கப் பார்க்க வேண்டாம். வயிற்றுக்குப் போனது வட்டுக்குப் போகாது.

1975-ல் ஜப்பானில் ஹிஜிகத்தா என்பவர் தோல் வழியாகச் சிறு குழாய் செலுத்தி வட்டுப் பொருளை எடுக்கும் வழியைக் காட்டினார். 1977-ல் யாஸர்கில், காஸ்பர் என்ற இருவர் தனித்தனியே, பூதக்கண்ணாடி போன்ற மைக்ராஸ்கோப்பின் துணையால் சிறு கீறலில் செய்யும் முறையை வெளியிட்டார்கள். 1997-ல் அமெரிக்காவில் ஃபோலி, ஸ்மித் என்ற டாக்டர்கள், தசையை அறுக்காமல் விலக்கிக் குழாயை இறக்கி, அதன் வழியே வேலை செய்யும் முறையைக் கொண்டு வந்தார்கள். எனக்குச் செய்தது இந்தக் குழாய் முறைதான். கீறல் என் கட்டை விரலின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். மறுநாளே வீடு திரும்பினேன். கண் விழித்ததும் காலை அசைத்துப் பார்த்தேன். அத்தனை நாள் உயிரை வாங்கிய நெருப்புக் கம்பியைக் காணோம். அல்ஹம்து லில்லாஹ் என்று அழுதே விட்டேன்.

ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன். வெளியே சிறு காயம் இருந்தால் உள்ளேயும் சிறு விஷயம் என்று நினைத்துக் கொள்கிறோம். டாக்டர் எடுத்தது நரம்பை அழுத்திய துண்டையும் உதிரியாகக் கிடந்ததையும் மட்டுமே; வட்டு முழுவதையும் அல்ல. அது பிதுங்கிய ஓட்டை சுவரில் அப்படியே இருக்கிறது. நான் முன்னே சொன்னபடி இரத்த ஓட்டம் குறைந்த இடம்; தழும்பு கட்டி மூடுவதற்கு மாதக் கணக்காகும். மேல்தோல் இரண்டு வாரத்தில் ஒட்டிவிடும். இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாக எண்ணிவிட்டால் நஷ்டம்தான். எடுத்தபின் அதே இடத்தில் மறுபடியும் பிதுங்குவது அபூர்வமன்று.

17-ம் நாள் நான் கடைக்குப் போனேன்; கல்லாவில் சும்மா உட்கார்ந்திருப்பதாக வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். வாடிக்கைக்கார உணவுக் கடையிலிருந்து ஒரு தகரம் எண்ணெய் கேட்டு ஆள் வந்தான். பையன் வெளியே போயிருந்தான். வலிதான் இல்லையே என்று 17 கிலோத் தகரத்தைத் தரையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அன்று மாலையே கெண்டைக்காலில் பழைய குடைச்சல். நான்கு நாள் படுத்தியது. மறுபடியும் பிதுங்கிவிட்டதோ, இன்னொரு தடவை வெட்ட வேண்டுமோ, கடை வாடகைக்கு என்ன வழி என்று தூக்கமில்லாமல் கிடந்தேன். டாக்டர் சோதித்துப் பார்த்து, காலின் பலம் குறையவில்லை, காயப்பட்ட நரம்பு மறுபடி சீற்றம் கொண்டிருக்கிறது, இம்முறை தப்பினீர்கள் என்றார். என் மனைவி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பாரம் வட்டை எப்படி வருத்துகிறது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லுகிறேன். 1999-ல் ஜெர்மனியின் உல்ம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், நல்ல ஆரோக்கியமுள்ள 45 வயதுக்காரர் ஒருவரின் இடுப்பு வட்டுக்குள் நுண்ணிய அளவுமானியை வைத்து அழுத்தத்தை அளந்து வெளியிட்டார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது உள்ள அழுத்தத்தை 1 என்று வைத்தால், நிமிர்ந்து நிற்கும்போது அது 5. 20 கிலோ பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றால் 11. முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்கினால் 17. முதுகை வளைத்துக் குனிந்து தூக்கினால் 23. இது ஒருவரிடம் அளந்தது. எல்லோருக்கும் இதே எண் என்று கொள்ள வேண்டாம். ஆனாலும் ஒரே 20 கிலோ, தூக்குகிற விதத்தால் எவ்வளவு மாறுகிறது பாருங்கள். நம்மில் பலர் அந்த 23-ஐத்தான் தினம் 40 தடவை செய்துகொண்டிருக்கிறோம். முதுகைத் திருப்பியும் விடுகிறோம். நம் வாப்பா காலத்தில் 100 கிலோ கோணி மூட்டையை முதுகில் சுமந்தவர்கள் இருந்தார்கள் என்று பெருமை பேசுகிறோம். அவர்களில் எத்தனை பேர் ஐம்பது வயதில் கூன் விழுந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள் என்பதைப் பேசுவதில்லை.

பாரம் ஆகாது என்றதும் சிலர் மறு கோடிக்குப் போய், மாதக் கணக்கில் கட்டிலோடு கிடக்கிறார்கள். இதுவும் பிசகு. படுத்தே கிடப்பதால் கால் குடைச்சல் விரைவில் ஆறுவதில்லை என்று 1999-லேயே ஹாலந்தில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். தசை இளைப்பதுதான் மிச்சம். சிகிச்சை முடிந்த அன்றே என்னை எழுப்பி நடக்க வைத்தார்கள். வீட்டில் முதல் வாரம் ஐந்து ஐந்து நிமிஷமாக நாளைக்குப் பல தடவை நடந்தேன். பிறகு புளோக்கைச் சுற்றி. ஆறாவது வாரத்தில் அரைமணி நேரம். நடையைப் போன்ற மருந்து வேறில்லை. உட்காருவதுதான் எதிரி: முதல் சில வாரங்களுக்கு 20 நிமிஷத்துக்கு மேல் ஒரே இருப்பாக இருக்கக் கூடாதென்று எனக்கு உத்தரவு. ஸோபாவில் புதைந்து உட்காருவது அறவே கூடாது. பிசியோதெரபி பயிற்சி நாலாவது வாரத்துக்கு மேல் ஆரம்பித்தது. வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் பலப்பட்டால் அவை இடுப்புக்கு ஒரு வார்க்கச்சை போல நின்று பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்.

படுக்கையிலிருந்து எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மல்லாந்த நிலையில் நேரே எழும்பி உட்காரக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக ஒரு மரக்கட்டையைப் போலப் பக்கவாட்டில் உருண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். ஸுப்ஹுக்கு எழும்போது தூக்கக் கலக்கத்தில் இது மறந்துவிடும். ஆகவே கட்டிலின் எந்தப் பக்கம் இறங்குவது என்பதைக் கூட முன்னிரவே தீர்மானித்து வைத்துக்கொள்வேன். உடுப்புக்குக் கைலியைப் போல உதவுவது வேறில்லை. காற்சட்டை போடக் குனிய வேண்டும், கைலிக்கு அது தேவையில்லை. வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலை உண்டாக்கும். முக்கினால் இடுப்பில் அழுத்தம் ஏறும். தண்ணீரும் கீரையும் பழமும் தாராளமாகச் சாப்பிட வேண்டும். பழுத்த பப்பாளியின் உண்மையான உதவி இங்கேதான். சிகரெட் பிடிக்கிறவர்கள் விட்டேயாக வேண்டும். ஏற்கெனவே சத்துக் குறைந்த வட்டுக்குப் புகை மேலும் கேடு செய்கிறது.

தொழுகை விஷயத்தைப் பலரும் என்னிடம் தனியே கேட்கிறார்கள். ஒளுச் செய்வதிலேயே சிரமம் தொடங்குகிறது. குழாயடியில் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் தூக்கிக் கழுவுவதும், குனிந்து பாதத்தைத் தேய்ப்பதும் இந்த இடுப்புக்கு ஆகாது. உயரமான முக்காலியில் உட்கார்ந்து, காலை மறு முழங்காலின்மேல் போட முடிந்தால் போட்டு, இல்லையேல் மகன் குவளையில் ஊற்ற, நான் கழுவினேன். நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்பது மதரஸாப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். ருகூவையும் ஸுஜூதையும் சைகையால் செய்பவர் ஸுஜூதுக்குச் சற்றுக் கூடுதலாகத் தாழ வேண்டும் என்பதும் நாம் ஓதியதே. ஓதியது ஒன்று, செய்வது ஒன்று. நாற்பது வயதுக்காரன், பார்வைக்குத் திடகாத்திரமாக இருப்பவன், எழுபது வயதுப் பெரியவர்கள் தரையில் நெற்றி வைக்கும் ஸஃப்பில் நாற்காலி போட்டு உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வெள்ளிக்கிழமை அந்த வெட்கத்தாலேயே வலியோடு தரையில் ஸுஜூது செய்தேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை ஹஜரத் அவர்களே கவனித்துவிட்டு, தொழுகை முடிந்ததும் தனியே அழைத்து, "அல்லாஹ் கொடுத்த சலுகையை வேண்டாம் என்று தள்ளுகிறீர்களே, யாருக்குக் காட்ட?" என்று கேட்டார்கள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் நாற்காலியை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். எப்பொழுது தரைக்குத் திரும்பலாம் என்பதை டாக்டரையும் மார்க்க அறிஞரையும் சேர்த்துக் கேட்டுத் தீர்மானிப்பதே நல்லது. எனக்கு நாலாவது மாதத்தில் முடிந்தது.

வலி, பலவீனம், மரப்பு மூன்றும் ஒரே நாளில் போவதில்லை. வலி முதலில் போகும், பலம் மெல்ல வரும், மரப்பு கடைசி. சிலருக்கு மரப்புக் கொஞ்சம் நிலைத்தும் விடலாம். இடையிடையே காலில் மின்னல் போல் வெட்டினால் உடனே கலங்க வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சல், கீறலில் நீர் அல்லது சீழ் கசிவு, எழுந்து நின்றால் மட்டும் மண்டையைப் பிளக்கும் தலைவலி, கெண்டைக்கால் வீக்கம், கால் புதிதாகத் தளர்வது ஆகியவற்றைக் கண்டால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் டாக்டரிடம் போக வேண்டும்.

கடையில் இப்போது சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். அரிசியும் வெங்காயமும் தரையில் இல்லை; இடுப்பு உயரப் பலகைக்கு ஏறிவிட்டன. மேல் தட்டில் அப்பளமும் வடகமும் போல இலேசான சரக்கு மாத்திரமே. 25 கிலோ மூட்டைகளைக் குறைத்து 5 கிலோ, 10 கிலோ பைகளாக வாங்குகிறேன். கிலோவுக்குச் சில காசு கூடுதல்தான். தள்ளுவண்டி ஒன்றும் வாங்கினேன். ஆறு மாதமாக ஒரு பையனுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறேன். அவனையும் குனிந்து தூக்க விடுவதில்லை. முதலில் சிரித்தான். இப்போது லாரிக்காரருக்கே முழங்காலை மடக்கச் சொல்லிக் கொடுக்கிறான்.

என் சுண்டு விரலில் பாதி இன்னும் மரத்தே இருக்கிறது. பிசியோதெரபியில் கொடுத்த பயிற்சித் தாளைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன். சரக்கு வாங்க வருகிற சகோதரர்கள் சிலர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். அது என் இடுப்பைப் பார்த்து எழுதியது. உங்கள் இடுப்பை அவர்கள் இன்னும் பார்க்கவில்லை.